காசு வந்த வழி – 23: வெள்ளிக்கிழமைக்கு ஐம்பது கோடி

1955 ஜனவரியில் டெல்லி நிதி அமைச்சகத்துக்கும் பம்பாய் ரிசர்வ் வங்கிக்கும் இடையே சில கடிதங்கள் போய்வந்தன. புதுச் சட்டம் ஏதும் போடவில்லை. எல்லாம் கடிதத்திலேயே முடிந்தது. ஏற்பாடு இதுதான். ரிசர்வ் வங்கியில் உள்ள மத்திய அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் 4 கோடி இருந்தால் போதும். இருப்பு அதற்குக் கீழே போனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அரசின் பெயரில் 91 நாள் தவணைக்கு ஒரு கருவூலப் பத்திரம் எழுதி, அதை ரிசர்வ் வங்கி தன் வசம் வைத்துக்கொண்டு, துண்டு விழுந்த தொகையை அரசின் கணக்கில் வரவு வைத்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஏன் அத்தனை மரியாதை என்றால், ரிசர்வ் வங்கி தன் வாராந்திரக் கணக்கை அன்றைய நிலவரப்படிதான் வெளியிடும். ஊர் பார்க்கிற நாளில் பெட்டி நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'அட்ஹாக்' பத்திரம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். அப்போதைக்கு அப்போது, தற்காலிகமாக என்று பொருள். அந்தத் தற்காலிகம் 42 ஆண்டுகள் நடந்தது. இந்த இதழின் கதை அதுதான்.

கதைக்குள் போகுமுன் ஒரு கடிதம். சென்ற இதழில் 1917ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நோட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அன்னூரிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "ஏனுங்க, எங்க பக்கத்துக் குளங்குட்டைக்கெல்லாம் தண்ணி கொண்டாறதுக்கு அறுபது வருஷமாப் பணமில்லை, பணமில்லைன்னே சொன்னாங்க. நோட்டடிக்கிற மெஷினையே கையில வெச்சிருக்கிற கவர்மெண்ட்டுக்குப் பணமில்லாமப் போறது எப்படீங்க?"

கேள்வியை நக்கல் என்று ஒதுக்க முடியாது. உலகத்துப் பொருளாதாரப் பேராசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றைக்கும் மல்லுக்கட்டுகிற கேள்வி இதுவேதான். பெரியவருக்குப் பதில் இரண்டு பாகமாக வரும். முதல் பாகம் சுருக்கமானது: அவர் மனுக் கொடுத்தது மெஷின் இல்லாத அரசாங்கத்திடம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் 36ஆவது இனம் நாணயமும் நோட்டும். 38ஆவது இனம் ரிசர்வ் வங்கி. சென்னைக் கோட்டைக்கு அதில் ஒரு பைசா அதிகாரம் கிடையாது. மாநில அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் ஓவர்டிராப்ட்டுக்குப் போய், தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், வங்கி அந்த மாநிலத்தின் காசோலைகளை நிறுத்திவிடலாம் என்பதுதான் இன்றைய விதி. பட்டறைக்காரருக்கு ஓ.டி. ஏற்பாடு செய்த வங்கி மேலாளர் பேசுகிற அதே பாஷையில்தான் மாநிலத்திடம் ரிசர்வ் வங்கி பேசும். டெல்லியிடம் அது பேசிய பாஷை வேறு.

அந்த பாஷை போரில் பழகியது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் இந்தியாவில் புழங்கிய நோட்டுகள் ஏறத்தாழ 180 கோடி ரூபாய்க்கு. போர் முடியும்போது அது 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. பிரிட்டிஷ் படைக்கு இங்கே வாங்கிய துணி, தோல், தானியம், இரும்பு எல்லாவற்றுக்கும் ரூபாயில் பட்டுவாடா நடந்தது. அதில் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பங்கு லண்டனில் ஸ்டெர்லிங் பத்திரமாக ரிசர்வ் வங்கியின் பெயரில் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தைக் காட்டி இங்கே நோட்டு வெளியிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் நேராக இருந்தது. சந்தையில் துணியில்லை, மண்ணெண்ணெய் இல்லை, அரிசி இல்லை. கோயம்புத்தூர் மில்கள் இரவும் பகலும் ஓடின; ஓட்டியவர்களின் கூலிக்கு வாங்குகிற மதிப்புக் கரைந்துகொண்டே போனது. 1943இல் வங்காளத்தில் விழுந்த பஞ்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தப் போர்க்கால விலையேற்றமும் ஒன்று.

அந்த ஸ்டெர்லிங் கடனையும் மனதில் வைத்து 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருந்தார்: கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். அதே குழுவில் சி. டி. தேஷ்முக்கும் இருந்தார், முந்தைய ஆண்டுதான் ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னராகியிருந்தார். பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதியையாவது புதிதாக வரப்போகும் பன்னாட்டு நிதியத்தின் வழியாக மாற்றித் தரும்படி குழு கேட்டது. அது பிரிட்டனும் இந்தியாவும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது என்று கையை விரித்துவிட்டார்கள்.

1947 நவம்பர் 26ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர் சண்முகம் செட்டியார்தான். வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதிய மனிதர் நாட்டின் வரவு செலவுக்கும் உரை எழுதினார் என்று கோவையில் பெருமையாகச் சொல்வார்கள். துண்டு விழுந்த தொகை இன்றைய கண்ணுக்குச் சில்லறை. ஆனால் அடுத்த எட்டே ஆண்டில் அந்தத் துண்டை நிரப்பும் வேலை மந்திரியின் மேசையிலிருந்து குமாஸ்தாவின் பேரேட்டுக்குப் போய்விட்டது.

அங்கேதான் 1955 வருகிறது. கடிதங்கள் போய்வந்தபோது நிதியமைச்சர் அதே தேஷ்முக். கவர்னர் நாற்காலியில் பெனகல் ராமராவ். வரி வசூல் ஒரு மாதம் வரும், சம்பளச் செலவு எல்லா மாதமும் வரும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் இந்த வசதி. எண்ணம் அதுவாகத்தான் இருந்தது.

பேரேட்டில் இது எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எங்கோ ஓர் அணைக்குக் கல் உடைத்துக் கொடுத்த காண்டிராக்டருக்கு அரசு ஒரு லட்ச ரூபாய்க்குக் காசோலை தருகிறது. அவர் அதைத் தன் வங்கியில் போடுகிறார். வங்கி அதை ரிசர்வ் வங்கிக்கு அனுப்புகிறது. அரசின் கணக்கில் அன்று காசில்லை. காசோலை திரும்பாது. எழுத்தர் பேரேட்டில் இரண்டு வரி எழுதுவார்: சொத்துப் பக்கம் 'கருவூலப் பத்திரம், ஒரு லட்சம்'; பொறுப்புப் பக்கம் 'மத்திய அரசு வைப்பு, ஒரு லட்சம்'. அந்த நிமிடம் வரை உலகத்தில் இல்லாத ஒரு லட்சம் பிறந்துவிட்டது. அச்சகம் அதற்குப் பிறகுதான், கையில் நோட்டு வேண்டும் என்று யாராவது கேட்கும்போதுதான், ஓடும். 'நோட்டடிப்பது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பேனாவிலேயே முடிந்துவிடுகிற வேலை.

91 நாள் கழித்துப் பத்திரம் முதிரும். அரசிடம் பணம் இருக்காது. அதைக் கொடுத்துத் தீர்க்கப் புதிதாக இன்னொரு பத்திரம் எழுதுவார்கள். இப்படிச் சேர்ந்த குவியல் பார்வைக்கு அசிங்கமாகிவிடும் என்று அவ்வப்போது அள்ளி நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். பிற்காலத்தில் மாற்றியவற்றில் திருப்பித் தரும் தேதியே கிடையாது. வட்டியும் 1974 ஜூலையிலிருந்து 4.6 சதவீதம் என்று ஆணி அடித்து நிறுத்தப்பட்டது. 1990களின் நடுவில் அரசு சந்தையில் 13 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக் கடன் வாங்கியபோதும் ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்தது அந்த 4.6தான். தேதியில்லாத கடன், விலைவாசியைவிடக் குறைந்த வட்டி. எந்தச் சம்சாரிக்கு எந்த வங்கி இப்படிக் கொடுத்திருக்கிறது?

*

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கியது. அரசுத் துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடி 'பற்றாக்குறை நிதி' என்று திட்ட ஆவணத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நாலில் ஒரு ரூபாய் பேனாவால் வர வேண்டியது. இதில் ஒளிவுமறைவு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உருக்காலை வேண்டும், அணை வேண்டும், மக்கள் ஏழைகள், வரி போட இடமில்லை, வெளிநாட்டுக் கடன் போதாது; மீதியை உருவாக்கிக்கொள்வோம் என்று வெளிப்படையாகவே முடிவெடுத்தார்கள்.

திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அமைத்த பொருளாதார நிபுணர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். நாட்டின் சேமிப்புக்கு மீறிய திட்டம் இது, மீறுவதை நோட்டால் நிரப்பினால் விலைவாசிதான் நிரம்பும் என்பது அவர் வாதம். அவரை வலதுசாரி என்று ஓரங்கட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1952இல், எந்த வலதுசாரி முத்திரையும் ஒட்டாத இன்னொருவர் விஷயத்தின் அடிவேரைத் தோண்டிக் காட்டியிருந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த வி. கே. ஆர். வி. ராவ்.

ராவ் சொன்னதை அன்னூரில் வைத்தே விளக்கலாம். 1930களில் இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது ஆலைகள் இருந்தன, இயந்திரங்கள் இருந்தன, நிலக்கரி இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. அரசு பணத்தை உருவாக்கிச் செலவு செய்தால் பூட்டிய ஆலை திறக்கும் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் சொன்னது அங்கே பொருந்தும். 1950களின் அன்னூரிலும் வேலையில்லாதவர்கள் இருந்தார்கள். மழை பொய்த்த வருஷம் பாதி ஊருக்கு வேலையில்லை. ஆனால் பூட்டிக்கிடந்த ஆலை எங்கே? அரசு ஆயிரம் பேரைக் குளம் வெட்ட வைத்துக் கூலி கொடுத்தால், அன்று சாயங்காலமே அந்த ஆயிரம் பேரும் ராகியும் அரிசியும் வாங்கச் சந்தைக்கு வருவார்கள். குளத்தில் தண்ணீர் தேங்கிக் காடு விளைய இரண்டு மூன்று வருஷம் ஆகும். கூலி இன்று வரும், தானியம் மூன்று வருஷம் கழித்து வரும். இடைப்பட்ட காலத்தில் விலை ஏறும். ஏறிய விலையைக் கூலி வாங்காத மற்றவர்களும் சேர்ந்து கொடுப்பார்கள். கட்டாத வரி ஒன்றை எல்லோரும் கட்டியிருப்பார்கள், ரசீது இல்லாமல்.

என் மனசுக்கு இந்த விவகாரத்தின் முடிச்சு இதுதான் என்று படுகிறது. அரசு பணத்தை உருவாக்கலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அந்தப் பணம் போய் வாங்க வேண்டிய சிமெண்டும் இரும்பும் தானியமும் நாட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் பணம் போன வழியில் அவை எவ்வளவு சீக்கிரம் விளையும் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கிற இடம் நாடாளுமன்றம். 1955 ஏற்பாட்டின் குற்றம் பணத்தை உருவாக்கியதில் இல்லை. கேள்வி கேட்கிற இடமே இல்லாமல் செய்ததில் இருக்கிறது. பட்ஜெட்டில் ஒரு தொகையைப் பற்றாக்குறை என்று எழுதி ஓட்டெடுப்பார்கள். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் வெள்ளிக்கிழமை குமாஸ்தா நிரப்பிவிடுவார்.

கேட்க வேண்டிய இன்னொரு இடம் ரிசர்வ் வங்கி. அங்கே என்ன நடந்தது என்பதற்கு 1957 ஜனவரி சாட்சி. நிதியமைச்சராக வந்திருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்கும் ராமராவுக்கும் முட்டிக்கொண்டது. உண்டியல்களுக்கான முத்திரைக் கட்டணத்தை டி.டி.கே. உயர்த்தினார், மறைமுகமாக வட்டி விகிதத்தில் கைவைக்கிறார், அது எங்கள் வேலை என்றார் ராமராவ். பிரதமர் நேரு தன் அமைச்சர் பக்கம் நின்றார். ராமராவ் பதவி விலகினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு மின்ட் சாலை ரிசர்வ் வங்கியில் யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை.

சட்டத்தில் இருந்த ஒரு வேலியும் அந்தக் காலத்திலேயே கழற்றப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடும் நோட்டில் நூற்றுக்கு 40 பங்குக்குத் தங்கமோ ஸ்டெர்லிங்கோ இருப்பு வைக்க வேண்டும். நோட்டு பெருகினால் இருப்பும் பெருக வேண்டும் என்ற கட்டு அது. 1956இல் விகிதத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகை என்று மாற்றினார்கள். மறு ஆண்டே அந்தத் தொகையையும் 200 கோடியாகக் குறைத்தார்கள். அதில் 115 கோடிக்குத் தங்கம். நோட்டு எத்தனை லட்சம் கோடிக்குப் போனாலும் சட்டம் கேட்கிற இருப்பு இன்றைக்கும் அதே 200 கோடிதான்.

*

திட்டங்களால் கொங்கு நாட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கீழ்பவானி அணை 1955இல் முடிந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு அடுத்து வந்தது. அப்போது சென்னை மாகாண நிதியமைச்சர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். கோபி, பெருந்துறை, உடுமலை, பல்லடம் எல்லாம் நனைந்தன. அன்னூரும் அவிநாசியும் மேட்டில் இருக்கின்றன. ஆற்றுத் தண்ணீர் தானாக ஏறாது. பவானியின் உபரியை அந்த மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்ற அத்திக்கடவுத் திட்டக் கோரிக்கை அன்று எழுந்தது.

சி.எஸ். கதையில் இன்னொரு முறை வருகிறார். 1960களில் மத்திய உணவு அமைச்சராக இருந்து வீரிய விதைகளைக் கொண்டுவந்தவர், 1974 அக்டோபரில் நிதியமைச்சரானார். அப்போது வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. வங்கதேச அகதிகள், 1971 போர், 1972 வறட்சி, 1973இல் கச்சா எண்ணெய் விலை என்று அடி மேல் அடி. ஒவ்வோர் அடிக்கும் பேனா ஓடியது. 1974-75இல் மொத்த விலை உயர்வு 25 சதவீதம். அவர் வருவதற்குச் சில மாதம் முன்பே சம்பள உயர்வு முழுவதையும் பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாயச் சேமிப்பில் போட உத்தரவு வந்திருந்தது. அதாவது ஒரு கையால் ஊற்றிய பணத்தை இன்னொரு கையால் சம்பளக் கவரிலிருந்து உறிஞ்சினார்கள். அடுத்த ஆண்டு விலைவாசி இறங்கவே செய்தது. அதற்கு உறிஞ்சியதும் காரணம், 1975இல் பெய்த நல்ல மழையும் காரணம். எது எத்தனை பங்கு என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. விதையைக் கையில் பிடித்திருந்த மனிதருக்கு மழையின் பங்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

1980களில் வேறொரு விளையாட்டு. ஊற்றுவதை நிறுத்த முடியாது; ஊற்றியது வங்கிகள் வழியாகப் பல மடங்காகப் பெருகுவதையாவது தடுக்கலாம் என்று வங்கிகளின் கழுத்தைப் பிடித்தார்கள். 100 ரூபாய் டெபாசிட் வந்தால் 15 ரூபாயை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும். 38 ரூபாய் 50 காசை அரசுப் பத்திரங்களில் போட வேண்டும். 1990ஆம் ஆண்டு நிலவரம் இது. மிச்சம் 46 ரூபாய் 50 காசு. அதிலும் முன்னுரிமைக் கடன்கள் போக, ஒரு சிங்காநல்லூர்ப் பட்டறைக்காரரோ அன்னூர் நூற்பாலைக்காரரோ வரிசையில் நின்றால் கிடைப்பது கொசுறு, அதுவும் 17, 18 சதவீத வட்டிக்கு. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் தெருவுக்கு ஒரு பைனான்ஸ் போர்டு தொங்கியதற்கும், சீட்டுப் பிடிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்ததற்கும் நம் ஆட்களின் சாமர்த்தியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். டெல்லியில் வெள்ளிக்கிழமை நிரப்பிய கணக்கும் அதற்குள் இருக்கிறது. இலவசமாக வந்ததாக நினைத்த பணத்துக்கு வட்டி கட்டியவர் இங்கே மோட்டார் வார்ப்படம் ஊற்றியவர்.

சுகமோய் சக்ரவர்த்தி தலைமையில் ஒரு குழு 1985இல் அறிக்கை கொடுத்தது. எவ்வளவு பணம் உருவாக்கலாம் என்று அரசும் ரிசர்வ் வங்கியும் உட்கார்ந்து ஒரு வரம்பு போடட்டும் என்றது. அரியலூரில் பிறந்து திருச்சி தேசியக் கல்லூரியில் படித்த சி. ரங்கராஜன் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். அறிக்கையைப் பாராட்டினார்கள்; வரம்பு மட்டும் வரவில்லை. வந்தது 1991. அந்நியச் செலாவணி தீர்ந்து, ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் இங்கிலாந்து வங்கிக்கு அடகு போனது.

ரங்கராஜன் 1992 டிசம்பரில் கவர்னரானார். 1993இல் கல்கத்தாவில் மத்திய வங்கியின் சுதந்திரம் பற்றி அவர் ஆற்றிய உரையில், இந்தத் தானியங்கி ஏற்பாடு இருக்கும்வரை ரிசர்வ் வங்கிக்குத் தனிக் கொள்கை என்று ஒன்று இருக்க முடியாது என்பதுதான் அடிநாதம். எதிரே நிதியமைச்சர் மன்மோகன் சிங். அவரே பழைய கவர்னர். இது ஓர் அதிர்ஷ்டம். தேஷ்முக்கும் பழைய கவர்னர்தான், அவர் காலத்தில் திறந்த குழாயை மூட இன்னொரு பழைய கவர்னர் சம்மதித்தார். 1994 செப்டம்பர் 9ஆம் தேதி உடன்படிக்கை. அந்த ஆண்டு முடிவில் புதிய அட்ஹாக் பத்திரம் 6,000 கோடிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் 9,000 கோடியைத் தாண்டி தொடர்ந்து பத்து வேலை நாள் நின்றால், ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரத்தைச் சந்தையில் ஏலம் விடும். மூன்று ஆண்டில் முழுதும் நிறுத்தம். 1997 ஏப்ரல் 1 முதல், ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, அட்ஹாக் பத்திரம் ஒழிந்தது. அதற்குப் பதிலாகக் குறுகியகால முன்பணம் வந்தது: 1997-98இன் முதல் பாதிக்கு 12,000 கோடி, பின்பாதிக்கு 8,000 கோடி வரம்பு, தவணை 90 நாள், திருப்பியே ஆக வேண்டும். நாற்பது சொச்சம் ஆண்டுகளில் சேர்ந்த பழைய பாக்கி ஒரு லட்சம் கோடிக்கும் மேல். அதைத் தேதியில்லாத பத்திரமாக்கி மூட்டை கட்டி வைத்தார்கள்.

இப்போது பெரியவருக்கான பதிலின் இரண்டாம் பாகம். குழாய் திறந்திருந்த அத்தனை ஆண்டும் அத்திக்கடவுத் தண்ணீர் வரவில்லை. மூடிய பிறகுதான் வந்தது. 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17இல் தொடக்கம். செலவு 1,916 கோடி ரூபாய், நோட்டடிக்கும் உரிமையில்லாத மாநில அரசின் பணம். பேர்தான் அத்திக்கடவு, தண்ணீர் எடுப்பது மலையடிவாரத்தில் இல்லை, கீழே காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அப்பால். அங்கிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள், ஆறாவது அன்னூர். 1,065 கிலோமீட்டர் குழாய், 1,045 குளம் குட்டைகள், ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. உபரி நீர். 1957இல் இதைச் செய்திருக்க முடியுமா? மேட்டுக்கு அத்தனை தண்ணீரை ஏற்றுகிற பம்பும் மின்சாரமும் குழாயும் அன்று நாட்டில் தாராளமாக இல்லை. அது பணத்தால் தீராத பஞ்சம். 1985இல்? பம்பு செட்டுக்கே பேர்போன கோயம்புத்தூர் முப்பது கிலோமீட்டரில் இருந்தது. அன்று 'பணமில்லை' என்று சொன்னது சாக்கு. அந்தக் காலத்தில் பேனாவால் பிறந்த பணம் எங்கெங்கோ போயிற்று. அன்னூருக்குப் போகட்டும் என்று சொல்ல மேடை இல்லை. எதற்குச் செலவிடுவது என்று யாரும் தீர்மானித்து அந்தப் பணம் பிறக்கவில்லையே. கணக்கில் ஓட்டை விழுந்ததால் பிறந்தது.

ரங்கராஜன் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் மூடியதற்கும் விலை உண்டு. அன்றிலிருந்து அரசு, வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் சந்தை வட்டிக்குக் கைநீட்டுகிறது. இன்று மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேட்கும்போது வருகிற 'இல்லை'யில் பாதி இந்த வட்டிதான்.

2003இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் இன்னொரு பூட்டுப் போட்டது: 2006 ஏப்ரல் முதல் அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக் கூடாது. சந்தையில் மற்றவர் வாங்கியதை அவரிடமிருந்து வாங்கலாம். 2018இல் செய்த திருத்தம் போர், பெரும் பேரிடர் மாதிரி நேரங்களில் நேரடியாகவும் வாங்க ஒரு சாவியை வைத்தது. 2020 கொரோனாவில் அந்தச் சாவியை எடுக்கச் சொல்லிப் பலர் எழுதினார்கள். அரசு எடுக்கவில்லை. பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியபோதும் சந்தையில்தான் கடன் வாங்கியது. ரிசர்வ் வங்கி பின்வாசல் வழியாக அதே பத்திரங்களை வாங்கிக் குவித்தது. 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் ஒரு லட்சம் கோடிக்கு வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்தது. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், பின்வாசலில் எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுப்பது ரிசர்வ் வங்கி. வித்தியாசம் அதுமட்டும்தான். ஆனால் அது சின்னதல்ல.

அக்கரையில் நடந்தது தெரிந்ததே. இலங்கையில் 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், விழுந்த துண்டை மத்திய வங்கி பணத்தை உருவாக்கி நிரப்பியது. டாலர் தீர்ந்தது, டீசலும் பால்மாவும் கப்பலில் வர வேண்டியவை, ரூபாயை எத்தனை உருவாக்கினாலும் கப்பல் வராது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி உயர்வு ஏறத்தாழ 70 சதவீதம். மறு ஆண்டு போட்ட புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரடியாகப் பணம் தருவதைத் தடை செய்தது. அதற்கு நேர்மாறாக, 1932இல் ஜப்பானின் நிதியமைச்சர் தகஹாஷி அரசுப் பத்திரங்களை மத்திய வங்கியையே வாங்க வைத்து நாட்டை மந்தத்திலிருந்து தூக்கிவிட்டார். சும்மா கிடந்த ஆலைகள் அங்கே இருந்தன. பிறகு குழாயை மூட ராணுவச் செலவில் கைவைத்தார். 1936 பிப்ரவரியில் ராணுவ அதிகாரிகள் அவரை வீட்டிலேயே கொன்றார்கள்.

நம் குழாய் மூடியிருக்கிறது என்று முடிக்கலாம்தான். ஆனால் ஒரு கசிவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பணத்தை உருவாக்கும் உரிமையால் ரிசர்வ் வங்கிக்கு லாபம் வரும். வட்டியில்லாத நோட்டைக் கொடுத்து வட்டி வரும் பத்திரத்தையும் டாலரையும் வைத்திருக்கிறதே. அந்த லாபத்தில் ஒதுக்கீடு போக மீதி ஆண்டுதோறும் மே மாதம் மத்திய அரசுக்குப் போகிறது. 2023-24ஆம் ஆண்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் கோடிக்கு மேல். 2024-25க்கு 2 லட்சத்து 68 ஆயிரம் கோடிக்கு மேல். அத்திக்கடவு மாதிரி நூறு திட்டத்துக்கு மேல் போடலாம். இந்தத் தொகை வரியில் சேராத வருவாய் என்பதால் நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொதியில் வராது. வருமான வரியில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. ரூபாய் நோட்டின் லாபத்தில் கிடையாது. அந்தப் பிரிவினை எப்போது, யார் எழுதிய விதியால் வந்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)